முதல் லோடு

“இன்னாமா நடக்கற நைனா, புது மாப்ள கணக்கா” என்று பரசுராமன் போனில் என் நடையைப் புகழ்ந்தபோது, நான் நனைந்த டயப்பரில் மல்லாந்து கிடந்தேன்.

பரசுராமன், புதுவாயல் கூட்டு ரோட்டில் என் அரிசி மண்டிக்கு எதிரே சிமெண்ட் கடை வைத்திருந்தவன். அவன் பார்த்தது ஒரு வீடியோ. என்னைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லும் ஹோம் கேர் கம்பெனி அதை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் பரப்பியிருந்தது. அதில் நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கூடத்தில் நடக்கிறேன். பக்கத்தில் கிரேஸ் சிஸ்டர். பின்னணியில் வீணை வேறு. அதைப் பார்த்துத்தான், பக்கவாதத்தில் படுத்துவிட்ட தன் மனைவி ஈஸ்வரிக்கும் அதே கம்பெனியைப் பேசியிருந்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்க மறுநாள் வருவானாம்.

ஈரத்தில் கிடக்கிறேன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. வா என்று மட்டும் சொன்னேன்.

மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தொடையில் பிளேட் வைத்தார்கள். தினமும் நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பூனாவில் பாக்டரி மேனேஜராக இருக்கும் என் மகன் பார்த்திபன் அங்கிருந்தபடியே இந்தக் கம்பெனியை ஏற்பாடு செய்தான். முதலில் வந்தவள் மீஞ்சூர் கிரேஸ். வந்த அன்றே டயப்பர் பாக்கெட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள். கால் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டாள். ஆபரேஷன் ஆன பக்கமாக, அரை அடி பின்னால் நின்றுகொள்வாள். இழுக்க மாட்டாள், தூக்க மாட்டாள், நான் தடுமாறினால் மட்டும் கை வரும். ரெண்டாவது வாரம் நானே கக்கூஸுக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவு பெரிய சொத்து என்பது அதை இழந்தவனுக்குத்தான் தெரியும்.

நேரடியாக என் வீட்டுக்கே வேலைக்கு வந்துவிடேன் என்று அவளிடம் கேட்டும் பார்த்தேன். சிரித்தாள். அவளுடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறதாம்.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர் விமல் வந்து வீடியோ எடுத்துக்கொண்டு போனான். அடுத்த திங்கட்கிழமை கிரேஸ் வரவில்லை. வள்ளூரிலிருந்து ஜோஷ்வா என்று ஒருவன் வந்தான். இரவெல்லாம் சிப்காட்டில் பேக்கிங் ஷிப்ட், பகலில் என் வீடு. அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது; தூங்காதவன் தூங்கத்தான் செய்வான். கம்பெனி அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: கிழவன் விழுந்தால் உன் தலை, ஆகவே நடக்க விடாதே. பரணிலிருந்து டயப்பர் இறங்கியது. கக்கூஸுக்குப் போக வேண்டும் என்றேன்.

“அதுலயே போய்டு தாத்தா. அதுக்குத்தான போட்டுக்கிது” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அதிலேயே போவதாம். மண்டியில் நான் வாயைத் திறந்தால் லாரி டிரைவர்கள் எழுந்து நிற்பார்கள்.

இரவுக்கு வருகிறவன் பெயர் எனக்குத் தெரியாது. கேட்பதற்குள் ஆள் மாறிவிடுகிறான். ஆனால் காலையில் போட்டோ மட்டும் தவறாது. தலையை வாரி, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்து, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துப் பூனாவுக்கு அனுப்புவார்கள். பார்த்திபன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். அவனிடம் சொல்லாமலா இருந்தேன்? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ நைனா, அவர்களெல்லாம் டிரெயினிங் எடுத்தவர்கள் என்றான். ஒரு போல்ட் இம்மி பிசகினால் லாரியோடு திருப்பி அனுப்புகிற மேனேஜர் அவன். அப்பன் விஷயத்தில் மட்டும் சரக்கைப் பிரித்துப் பார்க்க மாட்டான்.

நெல்லூரிலிருந்து புதிதாக வருகிற வியாபாரி முதல் லோடை முத்து முத்தாக அனுப்புவான். அதை நம்பி முன்பணம் கொடுத்தால், ரெண்டாவது லோடில் பழுப்பும் நொய்யும் வரும். அப்பேர்ப்பட்டவன் லாரியைத் தார்ப்பாய்கூட அவிழ்க்க விடாமல் விரட்டியவன் நான். என் உடம்பிலேயே அந்த வேலையைச் செய்தபோது கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது. கிரேஸ்தான் இவர்களுடைய முதல் லோடு. அடுத்து அவளை ஈஸ்வரிக்கு அனுப்புவார்கள்.

பரசுராமன் வருவதற்கு முன்னாலேயே, ஆப்பிள் பையோடு விமல் வந்துவிட்டான். என்னை “அப்பா” என்று கூப்பிட்டான். நான் பெற்றது ஒன்று, அதுவே போதும் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து காதோடு பேசினான். பரசுராமனிடம் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், கிரேஸை அடுத்த வாரமே நிரந்தரமாக என் வீட்டுக்கு அனுப்பிவிடுவானாம்.

“சரக்கு எறங்காம நான் வாயத் தொறக்கறதில்ல. இப்பவே வரச் சொல்லு” என்றேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தான். போனை எடுத்தான்.

கிரேஸ் வந்தாள். என்னைப் புரட்டி, முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் வந்திருப்பதைப் பார்த்தாள். புண்ணைத் துடைத்து மருந்து போட்டு, வேட்டி கட்டிவிட்டு, வாக்கரை என் முன்னால் வைத்தாள். கால் ரெண்டும் வெடவெடத்தன. கூடத்தைக் கடப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. ஆனாலும் கக்கூஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே உட்கார்ந்து, விமலைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தால், கூடத்தில் பரசுராமன். நான் நடந்து வருவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டான். விமல் முகத்தில் பெருமை தாங்கவில்லை. இப்போது நான் சும்மா இருந்தாலே போதும், பொய்கூடச் சொல்ல வேண்டாம். கிரேஸ் எனக்கு, கால் எனக்கு. ஆனால் ஈஸ்வரிக்குப் பேச்சு போய்விட்டது. எனக்காவது திட்டுவதற்கு வாய் இருக்கிறது. அவள் ஈரத்தில் கிடந்தால் யாரிடம் சொல்வாள்?

“பரசு, கிட்ட வா. என் முதுகப் பாரு” என்று சட்டையைத் தூக்கி, வேட்டியை இறக்கினேன். பிள்ளையிடம்கூடக் காட்டாத இடம். “நீ பாத்த வீடியோ போன மாசத்து நடை. அதுக்கப்பறம் இன்னிக்குத்தான் நடக்கறேன். அதுவும் நீ வர்றன்றதால.”

பரசுராமன் குனிந்து பார்த்தான். விமல் பதறவே இல்லை. ரொம்பப் பரிவாகச் சிரித்தான்.

“வயசாய்டிச்சி இல்ல சார், கொஞ்சம் மறதி. அவங்க பையன்கிட்டகூட சொல்லிக்கினுதான் கீறோம்.”

புண்ணை மறைக்கலாம், ஆளை மாற்றலாம். இவன் என் புத்தியையே அல்லவா விலை பேசுகிறான். கத்தினால் அவன் சொன்னது நிஜமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பரசுராமன் என்னைப் பார்க்கவில்லை. கிரேஸைப் பார்த்தான். அவள் வாக்கரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“அய்யாவுக்கு மறதி எல்லாம் இல்ல சார். எல்லா ஊட்லயும் இப்டித்தான். பேஷண்ட் எழுந்து நிக்கற வரைக்கும்தான் என்னிய வெப்பாங்க.”

“ஒரிஜினல் எங்க கீதுன்னு நெனப்பு கீதா உனக்கு?” என்று விமல் அவளைக் கேட்டுவிட்டு, பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் பொருளை எவனாவது பிடித்து வைத்துக்கொண்டால் போலீசுக்கும் போக மாட்டோம், சண்டையும் போட மாட்டோம். வியாபார நேரம் பார்த்துப் போய் அவன் கடையில் உட்கார்ந்துகொள்வோம். கேட்டால் சும்மா வந்தோம் என்போம். பரசுராமனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வண்டி வெளியேதான் நிற்கிறது என்றான்.

கும்மிடிப்பூண்டியில், ஏசி போட்ட ஆபீஸ். பெற்றவர்களுக்கு ஆள் வைக்க ரெண்டு குடும்பம் சோபாவில் காத்திருந்தது. நானும் பரசுராமனும் நடுவில் இடம் பிடித்தோம். கிரேஸ் என் பக்கத்தில் நின்றாள். அவள் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் போக வந்திருக்கிறோம், அவசரமில்லை என்று மேஜைப் பெண்ணிடம் சொன்னேன். பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். கடைசியில் இருந்தது. எல்லாரும் பார்க்க வாக்கரோடு நடந்து போனேன், நடந்து வந்தேன். விமல் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

திரும்பி உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“பெரியவரே, இங்க சர்வீஸ் எப்டி?”

பதில் சொல்ல நான் தொண்டையைச் செருமுவதற்குள் விமல் ஓடி வந்தான். ஒரு கவரைக் கிரேஸ் கையில் திணித்தான். அவள் அங்கேயே பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அதான் குட்த்தாச்சே, கெளம்புங்க சார்” என்றான் விமல்.

“இரு. அந்தம்மா இன்னாவோ கேட்டுச்சி” என்று சொல்லி, அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.