ஏரிக்குப் போன புகை

எங்கள் இயக்குநரும் என் காலேஜ் தோழனுமான கிராஸ்டானுக்கு, அவன் பெயருக்கென்று நாட்காட்டியில் குறித்த பெயர்த் திருநாள் என்பதால் தலைநகர் சோபியாவில் எங்கள் அலுவலகம் முழுக்கத் திராட்சை மணந்தது. அன்று அவன் நீட்டும் எதையும் மறுக்கக் கூடாது என்பது வழக்கம். ஒரு கையில் தட்டும் மறு கையில் கோப்புமாக அவன் என் மேசைக்கு வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துக்கடா, ஓக்னியான். அப்படியே ஒரு கையெழுத்தும் போட்டுடு."

நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது என்று ஆண்டுதோறும் அறிவிப்பது எங்கள் வேலை. வரம்பு நானூறு. தாண்டினால், கிழக்கே இருக்கும் மிகப் பழைய பழுப்பு நிலக்கரி உலையை மூடியாக வேண்டும். என் கணக்கில் நானூற்று முப்பத்தொன்று. கோப்பில் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய் எண்ணுக்குக் கீழேயும் என் பெயர் வந்ததில்லை. எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

கோப்பைப் படித்தேன். நிலக்கரி மின்சாரத்தை வைத்து மலைமேல் இருக்கும் ஏரிக்குத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். பிறகு அதையே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றுவதற்கு ஆன மின்சாரத்தின் புகையை ஏரியின் பெயரில் எழுதியிருந்தார்கள். ஏரிக்குப் புகைபோக்கி கிடையாது, ஆகவே பூஜ்யம். இறங்கி வந்ததோ சுத்தமான நீர்மின்சாரம்.

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் கிராஸ்டான் ஏழெட்டுத் திராட்சை தின்று முடித்தான்.

"புகை எங்கடா போச்சு?"

"ஏரிக்கு."

"அங்க முங்கிச் செத்துப்போச்சா?"

"படிவத்துல ஏரிக்குப் புகைக் கட்டமே இல்லடா. நான் என்ன பண்ணட்டும்? காலேஜ்லயும் நீ இப்படித்தான். கேள்வியே தப்புன்னு எழுதி வச்சுட்டு வந்தவன்."

"அதைப் பாத்து நீயும் அப்படியே எழுதினியே."

அவன் சிரித்தான். நான் கோப்பை விரலால் தட்டினேன்.

"அப்ப ஏன்டா இத்தோட நிறுத்தணும்? எல்லா உலையோட மின்சாரத்தையும் ஏரிக்கே ஏத்து. ஏத்தி ஏத்தி இறக்கு. நாடே பூஜ்யம். ஐரோப்பா மொத்தமும் வந்து உன் கால்ல விழும்."

கோப்பைத் தள்ளிவிட்டேன். திராட்சையைத் தொடவில்லை. கிராஸ்டான் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, கோப்பின் பின்னட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு போனான். வெட்கப்பட்டுவிட்டான் என்று நம்பினேன். மனிதர்களை நான் எடைபோடும் லட்சணம் அப்படி.

கையெழுத்தைத் துணை இயக்குநர் போட்டார். உலை ஓடியது. மூன்றாம் வாரம் அமைச்சகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஐந்தாண்டுக்குள் பூஜ்யம், அதற்காக இன்னும் ஆறு பம்புகள். திட்டத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது: 'ஓக்னியான் முறை'.

அதை எடுத்துக்கொண்டு கிராஸ்டானின் அறைக்குப் போனேன். வாய் திறக்குமுன் அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"நன்றியெல்லாம் வேணாம்டா. திருநாள் அன்னிக்கு என் திராட்சையை நீ தொடலையே, அதைக்கூட நான் மனசுல வச்சுக்கல பாரு."