கம்பளிக்கு வைத்த கைநாட்டு

கைநாட்டு வைத்தால்தான் கம்பளி. ஓவேலி பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மழைக்கு முன்னால் வருஷா வருஷம் நடப்பதுதான். அந்த ஜூனிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர், கிளார்க் நல்லசாமி நீட்டிய தாளில் பெருவிரலை அழுத்திவிட்டுக் கம்பளியோடு போனார்கள்.

மறுவாரம் வேலை இல்லை. அந்தத் தாள், ராஜினாமா!

தேயிலை விலை பாதாளத்தில் கிடந்த வருஷம். ஆளைக் குறைக்க எஸ்டேட் கண்டுபிடித்த வழி அது.

கூடலூரில் தொழிலாளர் துறை விசாரணை. எல்லோர் சார்பிலும் பேச மூக்கம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வராந்தாவில் வக்கீல் சசிகலா அவளைத் தயார்படுத்தினார்.

"ராஜினாமாங்கிறது பாரசீகச் சொல்லுங்க. ராஜின்னா சம்மதம், நாமான்னா எழுத்து. அந்தக் காலத்துக் கோர்ட்டுல ரெண்டு கட்சியும் சமாதானமாப் போயி எழுதிக் குடுக்கிற தாளுக்கு அந்தப் பேரு. வேலையை விடற கடுதாசிக்கு அப்புறந்தான் வந்துச்சு. சம்மதம் இல்லீன்னா அது வெறுந்தாள். கம்பளிக்குன்னு ஏமாத்தினாங்கன்னு சொல்லுங்க, போதும்."

"கழுத்தப் புடிச்சுத் தள்ளறதுக்குச் சம்மதம்னு பேரா? நல்லாத்தான் வெச்சிருக்கானுக!" என்றாள் மூக்கம்மா.

வக்கீல் உள்ளே போனதும் நல்லசாமி பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, ஊட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

"படுத்த படுக்கைதான். தெரியாத மாதிரி கேக்கறே."

"நாளைக்கு எஸ்டேட் லைன் ஊட்டையெல்லாம் பூட்டறாங்க. இந்த மழையில அவரை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க? மேனேஜர் துரை சொல்லியனுப்பினாரு. படிச்சுக் காட்டித்தான் வாங்கினாங்க, எல்லாருக்கும் சம்மதம்னு சொல்லிடுங்க. உங்களுக்கு ஃபேக்டரியில வேலை. ஊடும் உங்களுக்கே."

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"நான் இருக்கிறதும் அவங்க ஊட்டுலதானுங்க்கா."

உள்ளே கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, அதே கம்பளிகளைத் தலையில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் மழையில் நின்றிருந்தார்கள். ஆண்டாயி கையை ஆட்டினாள், தைரியமாகப் பேசு என்பதுபோல.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "தாளைப் படிச்சுக் காட்டினாங்களாம்மா?"

மூக்கம்மாவின் காதில் புருஷனின் இருமல் கேட்டது.

"காட்டினாங்க."

சசிகலா வெடுக்கென்று திரும்பினார்.

"எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதந்தானுங்க."

வக்கீல் எழுந்து அதிகாரியிடம் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே மூக்கம்மா வெளியே வந்துவிட்டாள். ஆண்டாயி ஓடி வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்."

ஆண்டாயி மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அதற்குள் மூக்கம்மா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடக்கத் தொடங்கியிருந்தாள்.