ஜன்னலை மறைத்த பெரிய திரை

மண்ணூர் சாலையில் ஓடும் லாரிக்காரர்களிடம் எங்கே எடை போட்டீர்கள் என்று கேட்டு, "சிவசங்கர் மேடையில" என்று பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு வளராது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இரும்புக் கழிவு ஏற்றி வரும் வண்டியானாலும், கட்டட வேலைக்கு ஜல்லி கொண்டுபோகும் வண்டியானாலும், அந்த மேடையில் ஏறி இறங்கிய எடையை வாங்குகிறவனும் விற்கிறவனும் வாய்மூடி ஒப்புக்கொள்வார்கள். இயந்திரத்தால் வந்த பெயர் இல்லை அது. இயந்திரம் எல்லாரிடமும்தான் இருக்கிறது. சிவசங்கரின் அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. வண்டிக்காரன் எடையைத் தன் கண்ணால் பார்த்து, "சரி" என்று வாயால் சொன்ன பிறகுதான் சீட்டு கிழிப்பார்கள்.

இதைத் தான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று சிவசங்கர் சொல்வார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார்.

மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் அவருடைய மருமகள் செல்வலட்சுமி உட்கார்ந்திருப்பாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, அதே கம்பெனியில் இருந்த அவர் மகன் பிரசன்னாவைக் கட்டிக்கொண்டவள். குழந்தை பிறந்தபின் ஷிப்ட் ஒத்துவராமல், மாமனாரின் எடைமேடையை ஏற்றுக்கொண்டாள். அவள் மேசையில் இரண்டு மானிட்டர்கள் இருந்தன. ஒன்று அவளைப் பார்த்திருக்கும். அதில் கேமராக்களும் பில்லும் ஓடும். மற்றொன்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வண்டி எண், காலி எடை, லோடு எடை, சக்கரங்கள் மேடைக்குள் நிற்கிற படம் எல்லாம் அதில் தெரியும். வண்டிக்காரன் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பான், சரி என்பான், சீட்டை வாங்கிக்கொண்டு போவான். இரண்டும் வேறு வேறு அளவு. ஒன்றின் அடியில் பழைய டைரியை முட்டுக் கொடுத்திருந்தாள். சிவசங்கர் அறைக்குள் அதிகம் போகமாட்டார். வெளியே ஷீட் போட்ட நிழலில், நிமிர்ந்த முதுகோடு நாற்காலியில் இருப்பார். வருகிறவர்களை வரவேற்க வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வெளியே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் பங்காளி ரகு அவர் பக்கத்து இலையில் வந்து உட்காரும்வரை.

"இன்னா சிவசங்கரு, மருமவள ஜன்னலாண்ட ஒக்கார வெச்சிகீறியாமே," என்றார் ரகு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "லாரிக்காரன்லாம் நின்னு சிரிச்சிப் பேசிகினு கீறானுங்கன்னு ஊர்ல பேச்சு."

"எடை போட்ற எடத்துல லாரிக்காரன் நிக்காம கலெக்டரா வந்து நிப்பாரு?"

"நான் சொல்லலப்பா. சொல்றாங்க. நம்ம வூட்டுப் பொண்ணாச்சே, நாளிக்கு ஒரு பேச்சு வந்தா எனக்கும்தான் அசிங்கம்."

சிவசங்கர் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். மருமகளை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டவர் இல்லை. ஆனால் சந்தேகம் வேறு, பேச்சு வேறு. நாலு பேர் பேசும்படி ஒரு குடும்பம் இருக்கலாமா என்பது அவர் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது. வேலையை விட்டு நில் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் வந்த பிறகுதான் மேடை ஒழுங்காக நடந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரப் பையன் ஆளுயரத்துக்குப் பாதி இருந்த ஒரு திரையைக் காட்டினான். "நாலு கேமரா, பில்லு, எடை எல்லாமே இந்த ஒண்ணுல பாக்கலாம் சார். ரெண்டு மூணு வெச்சிகினு இப்டியும் அப்டியும் திரும்பினா கழுத்துதான் போவும்."

கழுத்து என்ற வார்த்தை சிவசங்கருக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் சொல்லக்கூடிய காரணம் ஒன்று கிடைத்தது.

"ஒனக்குக் கழுத்து வலின்னு சொன்னியேம்மா," என்று திரையை இறக்கிவைத்தார்.

"நான் சொல்லலையே மாமா."

"இனிமே வரும்."

அவரே நின்று திரையை மேசைமேல் வைக்கச் சொன்னார். வேறு எங்கே வைத்தாலும் வயர் எட்டாது என்றார். அது ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. கீழே சீட்டை நீட்டுகிற சந்து மட்டும் மிச்சம்.

செல்வலட்சுமி திரையைப் பார்த்தாள், அதன் பின்னால் மறைந்துபோன ஜன்னலைப் பார்த்தாள். "டிரைவர் எதுல பாப்பாங்க மாமா?"

"வெளிய செவப்பு லைட்டுல நம்பர் ஓடுதே."

"மத்தியான வெயில்ல அது கண்ணுக்கே தெரியாது. தெரிஞ்சாலும் எடை மட்டுந்தான். வண்டி நம்பரும் காலி எடையும் வராதே."

"நீ சத்தமா படி. கேட்டுட்டு சரி சொல்லட்டும்."

பழைய மானிட்டர்கள் இரண்டையும் அன்று சாயங்காலமே ரகுவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பேரப்பிள்ளைகள் படிக்க உதவும் என்று சொல்லி அனுப்பினார். ஜன்னல் அடைபட்ட செய்தி அதோடு சேர்ந்து போய்விடும் என்பது கணக்கு.

பொய் சொல்லக்கூடாது, பெரிய திரையில் வேலை சுலபமாகத்தான் இருந்தது. நாலு கேமராவும் கட்டம் கட்டமாக விரிந்தன. எந்தச் சக்கரம் மேடையின் விளிம்பில் நிற்கிறது என்று கழுத்தைத் திருப்பாமல் தெரிந்தது. பில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. எப்படி இருக்கிறது என்று மாமனார் கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கு மாமா, எனக்கு," என்றாள். கடைசி வார்த்தையை அவர் கவனிக்கவில்லை.

வண்டிகள் வந்தன. அவள் சந்து வழியாக எடையைப் படித்தாள். சிலர் சரி என்றார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். பேச்சுக்காரர்கள் வாயை அடைத்துவிட்டோம் என்று சிவசங்கர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் சந்திரலேகா வந்தாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர்கள் கழிவு வண்டிகள் எல்லாவற்றையும் இனி ஒரே மேடையில் எடை போடுவதாக முடிவு செய்து, எந்த மேடை என்று நேரில் பார்க்கப் புறப்பட்டிருந்தாள். சிவசங்கர் டீ வரவழைத்தார். டீ ஆறுவதற்குள் அப்பாவின் வழக்கத்தைச் சொல்லி முடித்தார்.

"வண்டிக்காரன் சரின்னு சொல்லாம இந்த மேடையில ஒரு சீட்டு கிழிஞ்சதில்லம்மா. எங்க குடும்பத்துக்கு மானமே அதுதான். இதோ ஒரு வண்டி ஏறுது, நீங்களே பாருங்க."

ஏறியது இசக்கிதுரையின் வண்டி. வள்ளியூர்க்காரன். பல வருஷமாக இங்கேதான் எடை போடுகிறான். இறங்கி வந்து, திரையின் கறுத்த முதுகு அடைத்திருந்த ஜன்னல் முன்னால் நின்றான். உள்ளேயிருந்து செல்வலட்சுமி எடையைப் படித்தாள். அவன் பேசவில்லை. இன்னொரு முறை படித்தாள்.

"கேக்குதுக்கா. நல்லாவே கேக்குது."

"அப்ப சரின்னு சொல்லுங்கண்ணே."

"பாக்காத எடைக்கு எப்படிக்கா சரி சொல்லட்டும்? நீங்க சொன்னத நானும் திருப்பிச் சொல்லணும்னா அதுக்கு ஒரு கிளிய வாங்கி வச்சுக்கிடலாம்லா." பிறகு நிழலில் இருந்த சிவசங்கரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. எதுத்தாப்ல இருக்க மேடையில ஒரு தடவ ஏத்திப் பாத்துட்டு வந்துருதேன்."

வேறு மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த இடத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. சந்திரலேகா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் சிவசங்கரின் காதில் ஓங்கி விழுந்தது. முகத்தில் ரத்தம் ஏற எழுந்து நின்றார்.

"எதுக்கு அங்க போற? உள்ள வந்து பாருப்பா."

இசக்கிதுரை செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனான். திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "சரி," என்றான், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

சிவசங்கருக்கு மூச்சு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் இதைப் பார்த்துவிட்டு அவனும் செருப்பைக் கழற்றினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் கல்யாண மண்டபம்போலக் குவிந்தன. அறைக்குள் டீசல் வாடை. ஒருவன் மேசையில் சாய்ந்துகொண்டு எழுத்தை இன்னும் பெரிதாக வைக்கலாம் என்று யோசனை சொன்னான். இன்னொருவன் சுவரில் இருந்த குழந்தையின் போட்டோவைப் பார்த்து, எந்த ஸ்கூல் என்று விசாரித்தான்.

"ஒவ்வொருத்தரா வாங்கண்ணே. இது என்ன ரேஷன் கடையா?" என்றாள் செல்வலட்சுமி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வெளியே கேட்ட நேரம் பார்த்து, ரகுவின் ஸ்கூட்டர் சாலையில் வந்தது. வேகம் குறைந்தது. ரகு அறையைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், பிறகு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை மருமகளின் நாற்காலியைச் சுற்றி நிற்க வைத்தது தானேதான் என்று சிவசங்கருக்கு உறைத்தது.

சந்திரலேகா கிளம்பும்போது கேட்டாள்: "முன்னாடி ஜன்னல்ல ஒரு ஸ்க்ரீன் இருந்துச்சாமே. டிரைவருங்க சொன்னாங்க. அதை ஏன் சார் எடுத்துட்டீங்க?"

"கழுத்து வலி," என்றார் சிவசங்கர்.

"யாருக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க வண்டிங்களை இங்க அனுப்ப எனக்கு இஷ்டம்தான் சார். ஆனா டிரைவர் ரூமுக்குள்ள போய்ப் பாக்கற மாதிரி இருந்தா ஒத்துவராது. நின்ன இடத்துலயே பாக்கணும். பண்ணிட்டுச் சொல்லுங்க."

வண்டிகள் குறைந்த பிறகு சிவசங்கர் அறைக்குள் வந்து, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வலட்சுமி தரையில் இருந்த மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரகு மாமா வீட்டுக்குக் குடுத்ததுல ஒண்ண மட்டும் கேட்டு வாங்கிக்கிடலாமா?"

"குடுத்தத திருப்பிக் கேக்கற குடும்பம் இல்லம்மா இது."

அவள் துடைப்பத்தை மூலையில் வைத்தாள். "உங்க காதுல யாரு என்ன போட்டாங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. பந்தியில பின்னால இலையில நானும்தான் இருந்தேன்."

சிவசங்கர் நிமிர்ந்தார். அவளோ கோபப்படவில்லை. கணக்கு சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"ஜன்னல்ல அந்த ஸ்க்ரீன் இருந்தவரைக்கும் வந்தவங்க கண்ணெல்லாம் அதுலதான் இருக்கும். என் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க அத எடுத்த பொறவுதான் சந்து வழியா குனிஞ்சு குனிஞ்சு என் மூஞ்சியப் பாக்காங்க. நான் சொல்லுதது நெசமா பொய்யான்னு வேற எதுல பாப்பாங்க?"

தன் வீட்டுப் பெண் பொய் சொல்கிறாளா என்று லாரிக்காரர்கள் குனிந்து பார்க்கும்படி ஆனதை நினைக்க நினைக்க, ரகு சொன்னது ஒன்றுமே இல்லை என்று சிவசங்கருக்குத் தோன்றியது. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர். எழுந்தார்.

"மேசையை இப்படி இழும்மா."

"எதுக்கு மாமா?"

"பெரிசு வெளிய பாக்கட்டும்."

இரண்டு பேருமாகப் பிடித்துத் திருப்பினார்கள். அவ்வளவு பெரிய திரை ஜன்னல் கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்து நின்றது. செல்வலட்சுமி அதன் முதுகுக்குப் பின்னால் நின்று, "எனக்கு?" என்றாள்.

"ஒனக்குத்தான் இப்போ போறேன்."

கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊர்ந்த நெரிசலில் அவரே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், அவள் மேசைக்கு அளவான ஒரு மானிட்டரை வாங்கிவந்தார். ஷிப்ட் முடிந்து வந்த பிரசன்னா வயர்களை மாட்டினான். எதற்கு இத்தனை பாடு என்று அவன் கேட்டான். "ஒங்க அப்பாவுக்குக் கழுத்து வலி," என்றாள் செல்வலட்சுமி. சிவசங்கருக்குச் சிரிப்பு வந்தது. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை அவள் நினைத்ததைவிட நன்றாக அமைந்தது. பில்லும் மற்றவர்கள் கணக்கும் அவளுடைய சின்னத் திரையில். மேடையில் நிற்கும் வண்டியின் விவரம் மட்டும் பெரிய திரையில். எண்கள் அவ்வளவு பெரிதாக இருந்ததால் வண்டிக்காரர்கள் இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஓட்டுகிற இடத்திலிருந்தே பார்த்தார்கள், அங்கிருந்தே சொன்னார்கள். இறங்கி வருகிறவன் தண்ணீர் குடிக்கத்தான் வந்தான்.

சந்திரலேகாவின் வண்டிகள் வரத் தொடங்கின. சிவசங்கருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நிழலில் உட்கார்ந்தால் அந்தத் திரை தெரியாது. எழுந்து போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று பார்க்க ஆரம்பித்தார். எண்கள் ஏறி நின்றன. நாலு கட்டத்தில் சக்கரங்கள் மேடைக்குள் அடங்கி நின்றன. அவருக்கே அது அழகாக இருந்தது.

"அண்ணாச்சி." மேலே வண்டியிலிருந்து இசக்கிதுரை எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுதியளா. எடை மறைக்கு."

யார் சொன்னாலும் தான் நின்ற இடத்தை விட்டு அசையாதவர் என்று மண்ணூரில் சிவசங்கருக்கு ஒரு பெயர் உண்டு. பின்னால் வரிசையில் இருந்த வண்டிக்காரர்கள் என்ன நடக்கப்போகிறது என்று பார்த்தார்கள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஓரமாக நகர்ந்து நின்றார்.

"நல்லா பாத்துட்டு சொல்லு, துரை," என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."