பட்டன் வேலை செய்யாத கரை

மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் பட்டன் வேலை செய்யவில்லை. இதற்காக என் அண்ணன் பிரதாப் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான் என்றால் நம்புவீர்களா? சிப்காட்டில் லேத் ஓட்டுகிற, மீசை வைத்த ஆம்பளை!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது டிவியில் மாட்டி ஆடுகிற கேம். பெங்களூரு நடைபாதைக் கடையிலிருந்து முதல் பாகத்தின் சிடியை அண்ணன் கொண்டுவந்தபோது நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தேன். ஒரு கண்ணாடி நகரம். அங்கே யார் என்ன ஆக வேண்டும் என்பதைக் கோபுரத்தில் இருக்கும் பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். ஒரு பெண் மட்டும் மாட்டேன் என்று ஓடிவிடுகிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் திரை நின்று, இவள் என்ன செய்யட்டும் என்று நம்மைக் கேட்கும். அவளுக்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். அண்ணன் 'நம்ம புள்ள' என்றுதான் சொல்வான். "நம்ம புள்ள பாலத்து மேல போவட்டும், படகு வேணாம்." ஜாய்ஸ்டிக் அவன் கையில், பக்கத்தில் நான்.

அந்தக் கேமில் எப்போதும் பனி. எங்கள் ஓசூரிலும் பனிதான். காலையில் கம்பெனி பஸ்கள் மஞ்சள் விளக்கோடு மிதந்து வரும். விளக்கு தெரியும், சக்கரம் தெரியாது. பாகலூர் ரோட்டில் ரோஜா வளர்க்கிற பாலிதீன் கூடாரங்கள் வெள்ளையாய் நிற்கும்போது, இதோ கண்ணாடி நகரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என்னையும் யாரோ பட்டன் அமுக்கி நடத்துகிறார்களோ என்று தோன்றும். தோன்றாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் அப்பா என்னைப் பற்றி என்னிடம் கேட்டதே கிடையாது. நான் எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பேன். அவர் அண்ணனிடம், "பிரதாப், பாப்பாக்கு இன்னொரு தோசை வேணுமாமா?" என்பார். அவனும் எனக்காகப் பதில் சொல்வான். பெரும்பாலும் சரியாகவே சொல்வான், அதுதான் எரிச்சல்.

நான் டிப்ளமோ முடித்த வருஷம் மூன்றாம் பாகம் வந்தது. கோபுரத்து உச்சியில் மூன்று கதவுகள். அண்ணன் ரொம்ப யோசித்து ஒன்றைத் திறந்தான். ஓர் ஆற்றங்கரை. சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய் மற்ற இரண்டையும் திறந்தான். அதே ஆற்றங்கரை. அங்கே போனதும் பட்டன் செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கி ஊதினான், ஜாய்ஸ்டிக்கைத் தொடையில் தட்டினான், சிநேகிதன் வீட்டிலிருந்து வேறொன்று கொண்டுவந்து மாட்டினான். ம்ஹூம். அந்தப் பெண் ஒரு தடவை திரும்பி நம்மைப் பார்க்கிறாள். பிறகு தானாகவே பனிக்குள் நடந்து போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"என்னா கூத்து இது?" அண்ணன் குதித்தான். "உன் வழி உன் கையிலன்னு மொத சிடிலருந்து சொல்லிட்டு, கடைசில மூணு கதவுக்கும் ஒரே எடமா? அப்ப நான் எதுக்கு யோசிச்சு யோசிச்சு அமுக்குனேன்? சுத்த ஏமாத்து வேல!"

"வழி அவளுதுண்ணா. மொதல்ல பெரியவங்க நடத்துனாங்க, அப்புறம் நீ நடத்துன. இப்பதான் அவளா நடக்கறா. இதவிடச் சரியான முடிவு ஏது?"

"நான் அவ நல்லதுக்குத்தான் அமுக்குனேன்!"

"கோபுரத்துக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க."

"போடி, உனக்குக் கேமும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல."

அந்தச் சண்டை ஆறுவதற்குள் எனக்குப் புனேயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதே சமயம் வேப்பனப்பள்ளி மாமா தன் மகன் நவீன்குமாருக்கு என்னைக் கேட்டு வந்தார். மாந்தோப்பு இருக்கிறது, நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் புனே போக வேண்டும். அந்த ஆசையில் நெஞ்சே வலித்தது. அப்பா அண்ணனிடம் சொன்னார்: "நமக்கு எதுக்குப்பா வம்பு? ஆத்தாகிட்ட பூ கேட்டுரலாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் புனே, சிவப்பு வந்தால் வேப்பனப்பள்ளி. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பாகலூரைத் தாண்டி எங்கள் குலதெய்வக் கோயில். நாங்கள் போனபோது பனி இன்னும் விலகவில்லை, கோபுரம் இருக்கிற இடத்தில் வெறும் வெண்மைதான் இருந்தது. அண்ணன் ரோஜா இதழ்களை வாழையிலையில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்தான். பூசாரி வெங்கடப்பன் பாதி கன்னடமும் பாதி தமிழுமாக வேண்டிக்கொண்டு இரண்டையும் போட்டார். அவருடைய குட்டிப் பேத்தி தத்தித் தத்திப் போய் ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "பாப்பாவ எப்ப அனுப்பலாம் பிரதாப்?" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. பறக்காத குறைதான். மற்ற பொட்டலம் அம்மன் காலடியிலேயே கிடந்தது. ஒரு கதவைத் திறந்தால் மற்றதையும் திறந்து பார்க்கிற புத்தி, கேம் ஆடி வந்த கெட்ட பழக்கம். எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். அவசரமாகக் கிட்டே வந்து, அப்பா காதில் விழாமல் சொன்னான். "மடி புள்ள, மடி. உனக்காகத்தான் பண்ணேன். செவப்பு வந்திருந்தா என்னா பண்ணுவ?"

அவன் கேட்டது நியாயம். அவன்மேல் அழுகை வருகிற அளவுக்குப் பாசம் வந்தது, அதே அளவுக்கு ஆத்திரமும் வந்தது. இதை மடித்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டால் புனே. காட்டினால் அப்பா என்ன சொல்வாரோ, மாந்தோப்போ. வாசலுக்கு வெளியே பனி நகர்ந்தது. அதற்குள் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போவதுபோல் இருந்தது.

"அப்பா," என்று பிரித்த பொட்டலத்தை நீட்டினேன். "ரெண்டும் வெள்ளதான். ஆத்தா ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். நான் புனேக்குப் போறேன்."

"வினிதா!" என்றான் அண்ணன்.

"பட்டன் வேல செய்யலண்ணா."

அப்பா இதழ்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போல அண்ணனிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பிறந்ததிலிருந்து என்னைப் பற்றிய ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லாதது அன்றைக்குத்தான்.

அப்பாவுக்கு வேறு வழியில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எப்பம்மா போற?" என்றார்.