சாலட் சார்

அலுவலகத்தில் என் வீட்டுக்காரருக்கு 'சாலட் சார்' என்று பட்டப்பெயராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் நான் கட்டிக்கொடுக்கிற டப்பாவைத் திறந்து, "நானே செஞ்சது" என்று பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். வெங்காயம் உரிக்கத் தெரியாது இவருக்கு!

அதோடு விட்டாரா? மேலாளர் ஒருநாள் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டுபோய்த் தன் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். அக்கா மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். சாலட் போட ஆள் தேடுகிறாராம்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வராங்க. நான் செய்றதப் பாத்துட்டு, வேலைக்கு வர்ற ஆளுக்குச் சொல்லிக் குடுப்பாங்களாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வேலை பார்த்த பேக்கரியை இழுத்து மூடியதிலிருந்து, வேலை கேட்டு நான் ஏறாத படி இல்லை. இது இவருக்குத் தெரியாதா?

"என் பொண்டாட்டி செய்றதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த வேலை எனக்குக் கெடைச்சிருக்கும்ல?"

"இப்போ மாத்திச் சொன்னா என் மானம் என்னாகுறது? நீ எல்லாத்தையும் ரெடி பண்ணி வை. அவங்க முன்னாடி நான் கலக்குறேன், அவ்வளவுதானே."

அவ்வளவுதானாம்!

ஞாயிறு காலை வெள்ளரியும் குடைமிளகாயும் என் கத்தியிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொண்டைக்கடலையை வேகவைத்தேன். பீன்ஸைப் பச்சை மாறாமல் கொதிநீரில் போட்டு எடுத்தேன். சீஸைக் கட்டம் கட்டமாக வெட்டினேன். எலுமிச்சைச் சாறு, எண்ணெய், மிளகுத்தூள் மூன்றையும் நன்றாக அடித்து வைத்தேன். லெட்யூஸ் இலைகளை அலசி வடிதட்டில் அள்ளிப் போட்டேன். வழக்கமாக அவற்றைத் துண்டில் பரப்பி, சுருட்டி, சொட்டு ஈரமில்லாமல் ஒற்றியெடுப்பேன். அன்றைக்கு ஒற்றவில்லை. சாலட் சார் வீட்டில்தானே இருக்கிறார், அவரே ஒற்றிக்கொள்ளட்டும்.

அக்கா வந்தார். அவர் கண் அடுப்படியை ஒரு சுற்று அளந்தது. இவர் என் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, "எல்லாம் கைப்பக்குவம்தான் மேடம்" என்று அளந்துவிட்டார். ஈர இலையை அப்படியே அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். காய், கடலை, சீஸ் எல்லாம் அதன் தலையில் விழுந்தன. சாற்றை ஊற்றி, சிமெண்ட் குழைப்பதுபோலக் கிளறினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒரு வாய் போட்டு மென்றார். கிண்ணத்தைச் சாய்த்தார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"என் தம்பி கொண்டுவந்தது இப்படி இல்லையே சார். சாறு இலையில ஒட்டவே இல்ல, சப்புன்னு இருக்கு."

இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். சட்டையில் பட்டன் போனாலும், குடையை மறந்து மழையில் நனைந்தாலும் திரும்புகிற அதே திரும்பல்.

"என்னடி இது, இலையை இப்படி ஈரத்தோட வச்சிருக்க? தெனமும் துண்டுல ஒத்தித்தானே போடுவ!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ தெனமும் செய்றது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவரிடம் கேட்டார். "நாளையிலேர்ந்து இவங்கள என் கடைக்கு அனுப்புறீங்களா சார்?"

அடக்கி வைத்திருந்த அத்தனையும் பொத்துக்கொண்டு வந்தது.

"அவரு என்ன அனுப்புறது? என்னைக் கேளுங்கக்கா. நான் வரேன்."

அக்கா சிரித்துவிட்டார். இவருக்கோ வேறு கவலை.

"அப்போ என் டப்பா?" என்றார் ஈனக்குரலில்.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"நீங்கதான் சாலட் சாராச்சே. ஒத்துங்க!"