மில் வளவுக் குதிரை

ஷரிபுதீன் ஹாஜியாரின் லொறி கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்கு அரிசி ஏற்றிப் போகும்; திரும்பும்போது கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றி வரும். 1980 மே மாதத்தில் ஒரு நாள் அது மரக்கறிக்குப் பதிலாக ஒரு குதிரையை ஏற்றி வந்தது. பந்தயத்தில் ஓடி, காலில் நோவு கண்டு, ஓட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்ட பெண்குதிரை. செம்பழுப்பு நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று.

ஹாஜியாரின் மனைவி ஸாலிஹா லொறியின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப கோவா எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஹாஜியார் குதிரைக்கு சஹ்ரா என்று பெயர் வைத்தார். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கல்முனையில் இருந்தது அந்த ஒன்றுதான் என்பதால் 'குதிரை' என்றாலே போதுமாக இருந்தது. அரிசி மில் வளவின் பின்பக்கம், உமி குவிக்கிற இடத்துக்கு அப்பால், அதற்குத் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். பராமரிக்கக் காரைதீவிலிருந்து கோணாமலை என்ற ஒருவன் வந்தான். அவன் அதுவரை கரைவலை இழுத்தவன். குதிரையை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு கிழமைக்குள் அது அவன் குரலுக்குக் காதைத் திருப்பத் தொடங்கிவிட்டது.

இதைக் கேள்விப்பட்டதும் மில்லுக்கு வந்தவள் பரீனா. அவள் அந்த வருடத் தொடக்கத்தில்தான் பேராதனையில் மிருக வைத்தியப் படிப்பை முடித்து, சொந்த ஊரிலேயே நியமனம் பெற்றிருந்தாள். அவளுடைய வாப்பாவும் ஹாஜியாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பேராதனையில் அவளுடைய விரிவுரையாளர் ஒருவர் பந்தயக் குதிரைகளின் இதயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓடி முடித்த குதிரையின் நாடி எவ்வளவு விரைவாக அடங்குகிறதோ, அவ்வளவுக்கு அந்தக் குதிரை திடமானது என்பது அவர் அவளுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். குளிரில் வளர்ந்த குதிரை கடற்கரை வெக்கையில் ஓடினால் அதன் நாடி எப்படி அடங்கும் என்பது பரீனாவின் கேள்வி. கேள்வியை வைத்துக்கொண்டு, குதிரை இல்லாமல் ஊருக்கு வந்தவள் அவள். இப்போது குதிரையே லொறியில் வந்து இறங்கியிருந்தது.

"மாமா, விடியக்காலையில ஓடவிட்டதுக்குப் பிறகு நான் வந்து நாடி பார்த்துக்கிறன். அவ்வளவுதான். குதிரைக்கு ஒண்டும் ஆகாது."

"பாரு மகள். உனக்கில்லாததா? குதிரைக்கும் ஒரு டொக்டர் இரிக்கி எண்டா எனக்குப் பெருமைதானே."

சினையாக இருக்கக்கூடுமா என்று அவள் முதல் நாளே கேட்டாள். விற்றவர் அப்படி ஒன்றும் இல்லையென்று சத்தியம் பண்ணினார் என்றார் ஹாஜியார். பரீனா அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டாள். அவள் பார்க்க வந்தது காலும் நெஞ்சும்தான்.

அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு மூன்று நாள், வெயில் ஏறுமுன், அவள் கடற்கரைக்குப் போனாள். தோணிகள் இழுத்துவைத்திருக்கும் இடத்தைத் தாண்டி, ஈர மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் கோணாமலை குதிரையை ஓடவிடுவான். திரும்பி வந்து நிற்கும்போது அதன் கழுத்தெல்லாம் வெள்ளை நுரையாக இருக்கும். பரீனா முன்னங்காலின் பின்புறம், முழங்கைக்குப் பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்களை மூடிக்கொள்வாள். முதலில் பறை அடிப்பதுபோல இருக்கும் ஓசை, மெல்ல மெல்ல இடைவெளி விட்டு அமரும். ஜூன், ஜூலை முழுவதும் அது நாளுக்கு நாள் விரைவாக அடங்கியது. காலின் நோவும் ஆறியது. வெக்கைக்குக் குதிரை பழகிவருகிறது என்று அவள் விரிவுரையாளருக்கு எழுதினாள். இன்னும் கவனித்து எழுதச் சொல்லி அவரிடமிருந்து பதில் வந்தது.

ஊர் இளைஞர்களின் விளையாட்டுக் கழகத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கடற்கரையில் ஓட்டம். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் இரும்புக்கடை ஜவுபரின் மோட்டார் சைக்கிள். பந்தயப் பணம் கிடையாது. ஊர் பார்த்துச் சிரிக்கவும் கைதட்டவும்தான். ஹாஜியார் உடனே ஒத்துக்கொண்டார். தேநீர்க்கடைகளில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஆனால் செப்டெம்பரில் குதிரையின் நாடி மாறத் தொடங்கியது. ஓடாமல் நிற்கும்போதே முன்னைவிட வேகமாகத் துடித்தது. ஓடிய பின்னர் அடங்க நெடுநேரம் பிடித்தது. பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. வயிறும் கொஞ்சம் பருத்திருந்தது. மில்லில் தவிட்டுக்குக் குறைவில்லை, அதனால்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள். பரீனாவும் அப்படித்தான் எண்ணினாள். தவிட்டைக் குறைத்துப் பார்த்தாள். ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தாள். நாடி இறங்கவில்லை.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது அவள் மில்லுக்குப் போனாள். ஹாஜியார் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"மாமா, குதிரை ஓடக்கூடாது."

"என்ன மகள் செல்லுற?"

"நெஞ்சு பலவீனமாப் போகுது. வெக்கையாலதான் எண்டு நினைக்கிறன். இந்த நிலையில வெரட்டி ஓடவிட்டா, மணல்லயே விழுந்து மவுத்தாப் போகவும் கூடும்."

ஹாஜியார் கையிலிருந்த நெல்லை உதறினார். பிறகு, "ஊர் முழுக்கச் சென்னாப் போச்சே புள்ள," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பரீனாவுக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது.

கொட்டிலில் கோணாமலை குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுச் சீப்பைக் கீழே வைத்தான்.

"நான்தான் ஓட்டிக் கெடுத்துப்போட்டனா டொக்டர்?"

"இல்ல அண்ணே. நீங்க ஒண்டும் செய்யல்ல."

அவன் நம்பவில்லை. முகத்தைக் குதிரையின் கழுத்தோடு வைத்துக்கொண்டு திரும்பி நின்றான்.

பெருநாளுக்கு மறுநாள் ஜவுபர் தன் மோட்டார் சைக்கிளில் தனியாகவே கடற்கரையில் ஓடினான். கூட்டம் கைதட்டியது. 'ஹாஜியார்ர குதிரைக்கு நெஞ்சு நோவாம்' என்று யாரோ சொன்னது பள்ளிவாசல் முற்றம்வரை வந்து சேர்ந்தது. ஹாஜியாரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த கிழமை சம்மாந்துறைப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் வந்து குதிரையைக் கேட்டார். சூளைக்குக் களிமண் வண்டி இழுக்க. ஹாஜியார் கொடுக்கச் சம்மதித்தார். செய்தி தெரிந்து பரீனா ஓடிவந்தாள்.

"மாமா, ஓட ஏலாத குதிரை களிமண் இழுக்குமா?"

"அவருக்கிட்ட எல்லாத்தையும் செல்லித்தான் குடுக்கிறன். மெதுவா இழுக்கட்டும்." ஹாஜியார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஓடவும் ஏலா, இழுக்கவும் ஏலா எண்டா நான் என்ன மகள் செய்யிற? நாளுக்கு நாள் அது வாடுறதப் பார்த்துக்கிட்டு நிக்க எனக்கு ஏலா."

பரீனா கொட்டிலுக்குப் போய்க் குதிரையின் கழுத்தைத் தடவிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

குதிரையை ஏற்றிப்போகச் சூளைக்காரரின் லொறி வரும் நாள் காலையில் பரீனா வேலைக்குப் போகும் வழியில் மில்லுக்குப் போனாள். கடைசியாக ஒருமுறை நாடி பார்த்து எழுதி அனுப்பினால், விரிவுரையாளர் ஏதாவது மருந்து சொல்லக்கூடும் என்று ஒரு நினைப்பு. கோணாமலை கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரை வாளியில் வைத்திருந்தான். பயணத்துக்கு முன் வயிறு நிறையக் குடிக்கட்டும் என்று பார்த்து நின்றான். இரவு பெய்த மழையில் கிணற்றுத் தண்ணீர் சில்லிட்டிருந்தது. குதிரை ஒரே மூச்சில் பாதி வாளியைக் குடித்தது.

அப்போது அதன் விலாவுக்குப் பின்னால் தோல் ஓரிடத்தில் துள்ளியது.

வயிற்றுவலி என்றுதான் பரீனா முதலில் நினைத்தாள். குதிரை காலை உதைக்கவில்லை, திரும்பி வயிற்றைப் பார்க்கவில்லை. சாவகாசமாக மீதித் தண்ணீரையும் குடித்தது. அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தாள். கைக்குக் கீழே கடினமான ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிறகு ஒரு உதை.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மாதம் மாதமாக ஏறிய நாடி, பருத்த வயிறு, பாதியில் வாங்கிய மூச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் நினைவில் வந்தன. நோய்கொண்ட நெஞ்சு இப்படி ஒரே சீராகவா ஏறும்?

"கோணாமலை அண்ணே, சவுக்காரமும் சுடுதண்ணியும் வேணும். கெதியா."

சத்தம் கேட்டு வந்தவள் ஸாலிஹாதான். என்ன செய்யப்போகிறாள் என்பதைப் பரீனா சொன்னாள். ஸாலிஹா வளவைச் சுற்றிப் பார்த்தாள். மில்லில் வேலை செய்யும் ஆண்கள் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

"இஞ்ச என்ன பார்வை? போய் நெல்லக் காயப்போடுங்க," என்று அவர்களை விரட்டினாள். பிறகு தானே வாளியைத் தூக்கி வந்து, பரீனாவின் கையில் தோள்வரை சவுக்காரம் தேய்த்துவிட்டாள். கோணாமலை குதிரையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தான். பரீனா குதிரையின் பின்னால் நின்று மெதுவாகக் கையை உள்ளே விட்டு, குடலின் சுவரூடாகத் தடவினாள். கருப்பை கனத்து முன்னே சரிந்திருந்தது. அதற்குள் ஒரு சிறிய தலை. மூக்கின் ஓரம். விரல் பட்டதும் அது நழுவி விலகியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. கையை எடுக்காமலே, "மாமி, இது சினைக் குதிரை," என்றாள்.

லொறி வளவுக்குள் வந்து நின்றபோது ஹாஜியாரும் கூடவே வந்தார். ஸாலிஹா அவரை வழியிலேயே மறித்துச் சொன்னாள். அவர் நம்பாமல் கொட்டிலுக்குள் வந்து பரீனாவைப் பார்த்தார். தோள்வரை நனைந்த கையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பிழையாச் செல்லிட்டன் மாமா. நெஞ்சுல ஒரு வருத்தமும் இல்ல. ரெண்டு உயிருக்கு ரத்தம் அனுப்புற நெஞ்சு, அதான் வேகமா அடிக்கிது. நான் முதலே வயித்தப் பார்த்திரிக்கணும். ஓட்டத்த மட்டும் பார்த்துக்கிட்டு இருந்துட்டன்."

"ஓடக்கூடாது எண்டுதானே சென்ன?"

"ஓம்."

"அது சரிதானே மகள்." அவர் குதிரையின் நெற்றியில் கையை வைத்தார். "அல்ஹம்துலில்லாஹ். நீ செல்லாம இருந்திருந்தா நான் இத மணல்ல வெரட்டியிருப்பன்."

லொறியோடு வந்திருந்த சூளைக்காரருக்கும் விஷயம் சொல்லப்பட்டது. அப்படியென்றால் இரண்டையுமே எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். ஹாஜியார் சிரித்துக்கொண்டே அவரைப் பகல் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். லொறியில் இரண்டு மூட்டைத் தவிடு மட்டும் ஏறிப்போனது.

பரீனா விரிவுரையாளருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சினைக் குதிரையை மெதுவாக நடக்கவிட்டு, அதன் நாடியைக் கடைசிவரை பார்த்தவர்கள் மிகக் குறைவு, உனக்கு அது வாய்த்திருக்கிறது, விட்டுவிடாதே என்று பதில் எழுதினார். மாரி காலம் முழுவதும் அவள் போனாள். கடற்கரைக்குப் போக முடியாத மழை நாட்களில் கோணாமலை உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தில் குதிரையைச் சுற்றிச் சுற்றி நடத்துவான். இனிமேல் அதை ஒரு அடிகூட வேகமாக நடக்கவிட மாட்டேன் என்று நின்ற அவனுக்கு, கொஞ்சம் நடை நல்லதுதான் என்று அவள் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. குதிரையின் வயிறு பத்தாயம்போல இறங்கியது. பரீனா இப்போது இரண்டு இடங்களில் காது வைத்துக் கேட்டாள்.

பெப்ரவரியில் மழை விட்டு, ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்த நேரம் கோணாமலை அவள் வீட்டு வாசலில் நின்றான். சைக்கிளில் வந்த வேகத்தில் அவனுக்கு மூச்சிரைத்தது. "படுத்திட்டுது டொக்டர். ஒரு கால்தான் வெளியில கிடக்கு."

அவள் போகும்போது நன்றாக வெளித்திருந்தது. குதிரை வைக்கோலில் சரிந்து கிடந்தது. குட்டியின் ஒரு முன்னங்காலும் மூக்கும் வந்திருந்தன. மற்றக் கால் உள்ளே மடிந்து தடுத்துக்கொண்டிருந்தது. குதிரைகளுக்கு இதில் அதிக நேரம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். வலி விட்ட இடைவெளியில் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடிந்த முழங்காலைத் தேடிப் பிடித்து, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கைக்குள் பொத்தி, முன்னால் கொண்டுவந்தாள். கொட்டிலுக்கு வெளியே ஹாஜியார் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். அடுத்த வலியில் கோணாமலை கால்களைப் பிடித்தான். கரைவலை இழுத்த கை அவசரப்படாமல், விடாமல் இழுத்தது. குட்டி அவன் மடியிலேயே வந்து விழுந்தது.

"ஆணா பெண்ணா?" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது.

"ஆண் மாமா. வந்து பாருங்க."

அவர் வரவில்லை. ஸாலிஹாதான் முதலில் வந்தாள். பழைய துணியால் குட்டியின் மூக்கைத் துடைத்துவிட்டு, "யா அல்லாஹ், காலப் பாரு, எவ்வளவு நீளம்," என்றாள்.

குட்டி எழும்ப முயன்றது. விழுந்தது. மறுபடி எழும்பி, நான்கு கால்களையும் நான்கு திசைக்குப் பரப்பிக்கொண்டு நின்றது. உதவப் போன கோணாமலையைப் பரீனா தடுத்தாள். அது தாயின் நெஞ்சிலும் வயிற்றிலும் முட்டி முட்டித் தேடி, கடைசியில் மடியைக் கண்டுபிடித்தது. அது உறிஞ்சும் சத்தம் கொட்டில் முழுவதும் கேட்டது.

பரீனா கிணற்றடியில் கை கழுவிவிட்டு உமிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹாஜியார் இப்போதுதான் கொட்டிலுக்குள் போனார். அவர் கோணாமலையிடம் ஏதோ கேட்பதும், அவன் பதில் சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டன. ஸாலிஹா அவளுக்கு ஒரு கோப்பை இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மில் இயந்திரம் ஓடத் தொடங்கியது.