எண்ணெய் முடிந்த இடம்

பரமலிங்கத்தாரின் நெல்லுக் களஞ்சியத்தில் படம் பார்க்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆளுக்குக் கால் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோனால் போதும். தொடக்கத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஜெனரேற்றரை எழுப்பிவிட்டு, மிச்ச நேரத்தை அந்த மண்ணெண்ணெயில் ஓட்டுவார். இரவில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு போடப் பொம்பர் வந்துவிடும் என்பதால், பட்டப்பகலில் யன்னல்களுக்குச் சாக்கு அடித்துவிட்டுத்தான் காட்சி. அரசாங்கத்தின் தடையால் தொண்ணூற்று மூன்றில் வட்டக்கச்சியில் மண்ணெண்ணெய் கண்ணால் காண்பதற்கே அரிதான சாமான். கால் போத்தல் என்று சொல்லி அரைக்கால் போத்தல் கொண்டுவந்த புண்ணியவான்களும் இருந்தார்கள். ஆகையால் அநேகமான படங்கள் முடிவதற்கு முன்னமே ஜெனரேற்றர் இருமி, திக்கி, நின்றுவிடும். முடிவைச் சனம் வீட்டுக்குப் போகிற வழியில் தானே வைத்துக்கொள்ளும்.

தில்லைநாதன் படப் பைத்தியம் இல்லை. வயலில் வேலை குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பின்னுக்குக் குந்தியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் பார்த்த படத்துக்கு ஒரு தீர்ப்புச் சொல்லாமல் அவரால் வாய்க்கால் கட்டைத் தாண்ட முடியாது. பக்கத்துக் காணிச் சிவராசா இதைக் கேட்பதற்கென்றே அவரோடு சேர்ந்து நடப்பார்.

ஒருமுறை ஒரு பகிடிப் படம். ஒரு பெரிய வீட்டுக்குள் ஆறு பேர் ஒருவரையொருவர் ஏமாற்றி ஓடித் திரிந்தார்கள். களஞ்சியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சிரிப்பு வந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் தில்லைநாதன். "ஆனா அந்த ஆறு பேரிலை ஒருத்தன் ஒருநாளாவது வேலைக்குப் போனவனே? அடுப்பு மட்டும் எரிஞ்சுகொண்டு இருக்குது. எனக்கு அந்த யோசினையிலை அரைவாசிப் படம் போச்சு."

இன்னொருமுறை மாயாசாலப் படம். மந்திரவாதி இளவரசனைக் கிளியாக்கிக் கூட்டில் அடைத்தான். அரண்மனை முழுக்க விளக்குகள்.

"அவ்வளவு விளக்குக்கும் எண்ணெய் எங்கயிருந்து வந்தது? அதை விடும். மனுசனைக் கிளியாக்கத் தெரிஞ்சவனுக்குக் கூட்டுக்கு ஒரு பூட்டுப் போடத் தெரியாதே?"

"கிளி பிறகு இளவரசனா மாறியிருக்குமோ அண்ணை?" என்று சிவராசா கேட்டார். அந்த இடத்தில்தான் எண்ணெய் முடிந்திருந்தது.

"அவன் கிளியாவே இருக்கட்டும். இளவரசனா இருக்கேக்கை என்ன கிழிச்சவன்?"

இப்படி எந்தப் படத்தின் முடிவையும் தயங்காமல் சொல்லிவிடும் மனுசன், மாசி மாதம் வந்த ஒரு குடும்பப் படத்தில் வாயடைத்துப் போனார்.

அதில் பங்களாவும் காருமாக ஒரு பணக்காரத் தகப்பன். மகள் தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். தகப்பன் அவளுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றுகிறான். வருசங்கள் போகின்றன. மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வருகிறது. தகப்பன் கதிரையிலிருந்து எழும்பி, சால்வையை எடுத்துத் தோளில் போட்டு, வாசல்வரை வருகிறான். அங்கே ஜெனரேற்றர் நின்றது.

அன்று வாய்க்கால் கட்டில் சிவராசா மூன்று தரம் கேட்டும் தில்லைநாதன் ஒன்றும் சொல்லவில்லை. சிவராசாவுக்கும் பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தில்லைநாதனுக்கும் ஒரே மகள். தாட்சாயினி. தொண்ணூறில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, அதில் ஸ்ரனிஸ்லஸ் என்று ஒரு கடற்தொழில் செய்கிற பெடியன் நெல் அருவி வெட்ட இவருடைய வயலுக்குத்தான் வந்தான். வெட்டு முடிந்தது, சனம் தங்கள் அளம்பிலுக்குத் திரும்பிப் போனது, மகளும் அவனோடு போய்விட்டாள். சைவ வீட்டுக்கு வேதக்காரன், அதுவும் கரைப் பெடியன். "அந்த வீட்டிலை பச்சைத் தண்ணியும் என்ரை வாயிலை படாது" என்று தில்லைநாதன் முற்றத்தில் நின்று ஊர் கேட்கச் சொன்னார். மனைவி நேசமலரையும் போக விடவில்லை. தை மாதம் மீன்காரன் வந்து, மகளுக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு என்றான். நேசமலர் குசினிக்குள் போய் அழுதா. தில்லைநாதன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், வெட்டத் தேவையில்லாத வரம்பை வெட்டினார். போய்ப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை நெஞ்சை அடைத்தது. சொன்ன சொல் காலைக் கட்டியது.

அதனால்தான் அந்தத் தகப்பன் வாசலைத் தாண்டினானா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதே படத்தை அடுத்த ஞாயிறும் போடச் சொல்லிப் பரமலிங்கத்தாரைக் கேட்டு, தன் பங்குக்கு ஒரு முழுப் போத்தல் எண்ணெய் தருவதாகவும் சொன்னார். கதை ஊரெல்லாம் பரவியது. தில்லையர் முழுப் போத்தல் தருகிறாராம் என்று கேள்விப்பட்ட சனம், நிம்மதியாகத் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டது. இந்தமுறை தகப்பன் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை, ஜெனரேற்றர் நின்றுவிட்டது. அன்று தில்லைநாதன் பேசிய பேச்சைக் கேட்டுப் பெண்கள் பக்கம் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். நேசமலர் பொத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

அடுத்த கிழமை நேசமலர் புதுக்குடியிருப்பில் இருக்கும் தங்கை விமலேஸ்வரியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் போய் வந்தா. வந்து கால் கழுவ முன்னமே சொன்னா.

"இஞ்சருங்கோ, அந்தப் படம் அங்கையும் போட்டவை. நான் பாத்தனான்."

தில்லைநாதன் சுருட்டைக் கீழே வைத்தார். "தகப்பன் போறானோ?"

"ஓம், போறார்."

"எப்பிடிப் போறான்?"

"சைக்கிள்ளை."

"அவனிட்டைப் பெரிய கார் நிண்டதெல்லே?"

நேசமலர் ஒரு கணம் யோசித்தா. "கார் பழுது."

"கையிலை என்ன கொண்டு போறான்?"

"சைக்கிள் கரியரிலை ஒரு சின்ன மூட்டை அரிசி. மொட்டைக்கறுப்பன். பிள்ளைப்பெறு வீடெல்லே."

பங்களாவில் இருந்தவன் வயல்காரர் வீட்டு மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு எங்கே போனான்? மாயாசாலப் படத்தில் ஒரு பூட்டு இல்லாததைக் கண்டுபிடித்த மனுசன் இதைக் கண்டும் காணாமல் விட்டார்.

"மகள் என்ன செய்தவள்? கதவைத் திறந்தவளோ?"

"அவர் வாசல் படலையிலை நிண்டு மகளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். அதோடை அங்கையும் எண்ணெய் முடிஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு நேசமலர் கால் கழுவப் போனா.

வெள்ளிக்கிழமை விடிய தில்லைநாதன் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். கரியரில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டும்போது நேசமலர் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக் கொடுத்தா. தானும் வரட்டோ என்று கேட்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று மிதித்து, முல்லைத்தீவு ஆமிக் காம்ப் பக்கம் போகாமல் முள்ளியவளையால் சுற்றி, வெயில் சாயும் நேரத்தில் அளம்பிலுக்குப் போய்ச் சேர்ந்தார். வழி கேட்டுக் கேட்டு ஓலை வேய்ந்த ஒரு வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். ஸ்ரனிஸ்லஸ் முற்றத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். இவரைக் கண்டு எழும்பிய வேகத்தில் கால் வலையில் சிக்குண்டது.

"வாங்கோ மாமா... இருங்கோ," என்று உள்ளே ஓடி வீட்டில் இருந்த ஒரே கதிரையைக் கொண்டுவந்து போட்டான்.

தாட்சாயினி பிள்ளையோடு வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். சொந்தப் பிள்ளையோடு கதைக்க ஒரு வார்த்தை கிடைக்காமல் போனது தில்லைநாதனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. மருமகனின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இஞ்சை படங்கள் போடுறவையோ?"

"ஓம் மாமா, கோயில் வளவுக்குள்ளை போடுறவை. போட் எஞ்சினுக்குத் தாற எண்ணெயிலை கொஞ்சம் மிச்சம் பிடிச்சு முழுப்படமும் ஓட்டுவம்."

"ஒரு தகப்பன், மகள் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டு போறது..."

"பாத்தனாங்கள் மாமா! அதிலை தகப்பன் கடைசி மட்டும் வீம்புக்கு நிண்டு, மகள் செத்த பிறகுதான் காரிலை வந்து இறங்குவார். சனம் எல்லாம் அழுதது..." சொல்லிக்கொண்டு போனவன், தான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்பது விளங்கி அப்படியே நிறுத்தினான்.

காரில் வந்தானாம். கார் பழுதில்லை. தில்லைநாதன் கரியரில் கட்டியிருந்த அரிசி மூட்டையைப் பார்த்தார். நேசமலரில் கோபம் வருமென்று பார்த்தார், வரவில்லை. இந்த மனுசியை இவ்வளவு நாளும் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தேனே என்று துக்கம்தான் வந்தது.

"அது கூடாத படம்," என்றார் உறுதியாக. "எடுத்தவனுக்குப் படத்தை முடிக்கத் தெரியேல்லை. கொம்மா சொன்ன முடிவுதான் சரி."

"அம்மா என்னண்டு சொன்னவா?" தாட்சாயினி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"தகப்பன் சைக்கிள்ளை அரிசி கட்டிக்கொண்டு வந்து படலையிலை நிண்டவனாம்."

அவள் சைக்கிளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "பிறகு?"

"அதிலை எண்ணெய் முடிஞ்சு போச்சாம். மிச்சத்தை வழி நெடுக நான்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். தகப்பனுக்கு வெயிலுக்குள்ளை வந்த களை. மகள் தேத்தண்ணி கொண்டந்து வைச்சவளாம்."

ஸ்ரனிஸ்லஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பச்சைத் தண்ணிச் சபதம் அவன் காதுக்கும் எப்போதோ எட்டியிருந்தது.

"அவர் குடிச்சவரோ அப்பா?" என்று தாட்சாயினி கேட்டாள்.

"எனக்கு என்னண்டு தெரியும்?" என்றார் தில்லைநாதன், பிள்ளையை வாங்குவதற்கு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. "தேத்தண்ணி வந்தாலெல்லே தெரியும்."

அவள் பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினாள்.